மச்சான் விசில்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் பள்ளிக்கூட மைதானம் முழுசும் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் வேப்பமரங்கள், அப்புறம் ஓட்டுக் கூரைகள், எல்லாவற்றுக்கும் மேலே மலைக்கோட்டை. கோடைச் சாயங்காலத்தில் ஃபுட்பால் நடக்கும்போது கிளம்புகிற தூசி லேசில் கீழே இறங்காது. வெயில் பட்டு மஞ்சளாக, இடுப்பு உயரத்துக்கு அப்படியே நிற்கும். ஆட்களின் தலையும் தோளும் தெரியும், கால் தெரியாது. எல்லோரும் மிதந்துகொண்டே போவார்கள், வருவார்கள். பந்து எங்கே இருக்கிறது என்பதைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஐம்பதுகளின் கடைசி வருஷங்களை நினைத்தால் எனக்கு இன்னும் அப்படித்தான், பாதி உடம்போடு மிதக்கிற மனிதர்களாகத்தான் தெரிகிறது.

அந்தத் தூசிக்குள் விசிலோடு ஓடுகிற வெள்ளைச் சட்டை என் அண்ணன். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் எனக்கும் அம்மாவுக்கும் எல்லாம் அவன்தான். ஊருக்கு அவன் ரெஃப்ரி. கோடை டோர்னமெண்ட்டில் ஃபைனல் என்றால் அவன்தான் ஊத வேண்டும். வீடு தேடி வந்து கூப்பிடுவதும் அவர்களே, ஊதி முடித்ததும் "விலை போய்ட்டான்யா" என்று மண்ணை வாரித் தூற்றுவதும் அவர்களே. நன்றி கெட்ட ஜென்மங்கள். எனக்கு அப்போதே ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். இத்தனை வயதாகியும் அது குறைந்தபாடில்லை.

ஊரில் பெரிய டீம் இரண்டு. தோல் பதனிடுகிற தோல்ஷாப்புக்காரர்கள் ஒன்று, சுருட்டுக் கம்பெனிக்காரர்கள் இன்னொன்று. காற்று ஒரு பக்கமிருந்து அடித்தால் ஊறவைத்த தோலும் ஆவாரம்பட்டையும் மணக்கும். திரும்பி அடித்தால் புகையிலை. நான் கண்ணை மூடிக்கொண்டு மாடியில் படுத்திருப்பேன், இப்போது எந்த டீம் வருகிறது என்று மூக்கே சொல்லும்.

டோர்னமெண்ட் வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்னக்கா, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று அம்மாவைக் கேட்டால், அது வெஞ்சனத்தைப் பற்றிய கேள்வி இல்லை. கறிக்குழம்பு என்று வாய் தவறிச் சொன்னால் தொலைந்தோம். தோல்ஷாப்பிலிருந்து ஆட்டுத்தொடை வந்திறங்கியதாகப் பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் பேச்சாகிவிடும். அதனால் அந்த வாரம் பூராவும் எங்கள் வீட்டில் ரசமும் சுட்ட அப்பளமும்தான். "நாக்குச் செத்துப்போச்சும்மா" என்று நான் மல்லுக்கு நிற்பேன். "ஒங்கண்ணன் பேரு சாகாம இருக்கட்டும்டி, அது போதும்" என்பாள். அப்படியும் விட்டார்களா? "வாங்கித் தின்னது தெரியக் கூடாதுன்னு வேணும்னே ரசம் வைக்கிறாக" என்று அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். என்னத்தைச் சொல்ல!

அண்ணன் மட்டும் அலட்டிக்கொள்ள மாட்டான். ஆட்ட நாட்களில் எவர் வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டான், பள்ளிக்கூடக் குழாயில்தான் குடிப்பான். "ரெண்டு பக்கமும் வையிறான்னா நான் ஒழுங்கா ஊதுறேன்னு அர்த்தம்" என்று சிரித்துக்கொண்டே வேட்டியை உதறிக் கட்டுவான்.

இந்த லட்சணத்தில்தான் எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமம். அப்பா காய்கறி வெள்ளாமை. பையனுக்குத் தோல்ஷாப்பில் வேலை. தினமும் சைக்கிளில் வந்து போவார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தோல்ஷாப் டீமுக்கு அவர்தான் கோல் கீப்பர்.

பெண்பார்க்க வருவதற்கு முன்பே நான் அவரைப் பார்த்திருக்கிறேன். மாடியிலிருந்துதான். எல்லோரும் மிதந்துகொண்டு திரிகிற அந்தத் தூசியில் ஒரே இடத்தில் நிற்கிற ஆள் அவர் ஒருவர்தான். பந்து வந்தால் பாய்ந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுவார். எழுந்து, பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கையிலிருக்கிற மண்ணைத் தொடையில் தட்டிக்கொள்வார். மத்தியானம் தூங்கினால் அந்த மண் தட்டுகிற கை கனவில் வரும். ஒரு கனவில் பந்து மேலே போய்க் கோட்டை மதில் மேல் உட்கார்ந்துகொண்டது. ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, அவர் மட்டும் கையை விரித்து, அது இறங்கி வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? அவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். வேறு எவனையும் நினைக்கவில்லை.

எங்கள் கத்தோலிக்க வேதத்தில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, இவர்களுக்குள் விக்கினம் ஏதும் இருப்பது தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று. விக்கினம் என்றால் ஏற்கெனவே கலியாணம் ஆனவன், முறை தப்பின சொந்தம், இந்த மாதிரி. பெண் ஊர்க் கோவிலிலும் மாப்பிள்ளை ஊர்க் கோவிலிலும் வாசிப்பார்கள். எங்களுக்கு முதல் ஓலை வாசித்த அந்த வாரத்திலேயே தோல்ஷாப்பும் சுருட்டுக் கம்பெனியும் செமிஃபைனலில் ஜெயித்து ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். மூன்றாம் ஓலை ஞாயிற்றுக்கிழமை. ஃபைனல் அதற்கு முந்தின சனிக்கிழமை.

சுருட்டுக் கம்பெனி ரசிகர்களுக்குத் தலைவர் மாதிரி ஒருவர் உண்டு. எப்போதும் கையில் கறுப்புக் குடை. வெயிலோ மழையோ அதை விரிக்க மாட்டார், ரெஃப்ரியை நோக்கி ஆட்டுவதற்கு மட்டும்தான் குடை. அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நேராகச் சாமியாரிடம் போய், "சாமி, அந்த ஓலைக்கு ஒரு விக்கினம் இருக்கு" என்று நின்றாராம். சாமியார் பதறிப்போய் உட்காரச் சொல்லியிருக்கிறார்.

"மாப்பிள்ளப் பையன் தோல்ஷாப் கோல் கீப்பரு சாமி. பொண்ணுக்கு அண்ணன் ரெஃப்ரி. அடுத்த சனிக்கிழம ஃபைனலு."

"அதுக்கு என்னப்பா இப்ப?"

"மூணு ஓலையும் முடிஞ்சாத்தான சாமி மச்சான் முறை? ஒண்ணு வாசிச்சாச்சு. அது போகட்டும். அத்தோட நிறுத்தி வைங்க. ஃபைனல் முடியட்டும், அப்புறம் எம்புட்டு ஓலை வேணும்னாலும் வாசிங்க, நாங்களே பந்தலுக்கு வாரோம்."

சாமியாருக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். திருச்சபைச் சட்டத்தில் ஃபுட்பால் விக்கினம் என்று ஒன்று கிடையாது என்று சொல்லி, குடைக்காரரை முழங்காலில் இருத்தி ஒரு ஜெபமாலை சொல்லவைத்துத்தான் அனுப்பினார். அவரே இதை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். இரண்டாம் ஓலை வாசித்தபோது ஆண்கள் பக்கமிருந்து எவனோ வாயாலேயே மெல்ல விசில் அடித்தான். கோவிலே குலுங்கியது. நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அந்த வாயில் கொள்ளிக்கட்டையைச் செருக வேண்டும் என்று பூசை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றைக்கே கமிட்டியிடம் போய், "எனக்கு ஒதுங்கிக்கிறதுதான் மரியாதை, வேற ஆளப் பாருங்க" என்று சொன்னான். அதை எதிர்த்தது யார் என்கிறீர்கள்? அதே குடைக்காரர். "நீங்க ஒதுங்குனா, ஊதியிருந்தா களவாணித்தனம் பண்ணியிருப்பீகன்னுல்ல அர்த்தம்? அப்ப இத்தன வருசமா ஊதுனதுக்கு என்ன கணக்கு? அதெல்லாம் ஆகாது. நீங்கதான் ஊதணும். நாங்க பாத்துக்கிட்டு இருப்போம்." போதாக்குறைக்கு ஆஃப்சைடு தெரிந்த இன்னொரு ஆள் ஊரில் இல்லை. அண்ணன் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தான்.

இதெல்லாம் ஊருக்குள் சிரிப்பாகத்தான் இருந்தது. வெளியூருக்குப் போனபோதுதான் விபரீதமாயிற்று. பஸ்ஸில் ஆத்தூர்ப் பக்கம் போன பேச்சில் ஃபுட்பால் பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டது. "பொண்ணு வீட்டு ஓலைக்கு விக்கினம் சொல்லியிருக்காக" என்பது மட்டும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பையன் எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருக்கிறார். "பந்துக்காக எவனாச்சும் ஓலைய நிறுத்தச் சொல்லுவானா? பொண்ணு மேல என்ன கொறையோ" என்று அவருடைய அம்மா ஒரே அழுகை. பையனின் அப்பா நேரிலேயே வந்து விசாரித்துவிடுவது என்று ஒரு நாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். வெறுங்கையோடு வரக் கூடாதே என்று ஒரு சாக்கு நிறையத் தோட்டத்துக் கத்திரிக்காய்.

அம்மா விஷயத்தை எடுத்துச் சொன்னாள். அவர் இதற்கு முன்னால் ஃபுட்பால் ஆட்டம் பார்த்ததே இல்லை. ஆனாலும் நல்ல மனிதர், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "அம்புட்டுத்தானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று முகம் தெளிந்து, சாக்கை உள்ளே நகர்த்தினார். அதே நேரம் அண்ணன் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து வந்துவிட்டான்.

"மாமா, கோவிச்சுக்கிறாதீக. சனிக்கிழம வரைக்கும் இந்தக் காயி இங்க இருக்கக் கூடாது."

அவருக்குப் புரியவில்லை. "காயிதானப்பா?"

"நாளைக்கு அது காயா இருக்காது மாமா. மூட்டைல என்ன வந்துச்சுன்னு ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க."

சம்பந்தி முறையில் முதல் முதலாகக் கொண்டுவந்த பொருளைத் திருப்பி அனுப்பினால் யாருக்குத்தான் பொறுக்கும்? கைகளைப் பிசைந்துகொண்டு அம்மா நின்றாள். அவர் குனிந்து சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார். சாக்கை மறுபடியும் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் போகிற அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு அண்ணன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "ஒனக்கு ஒன் விசில்தான் பெருசு, நான் எக்கேடும் கெட்டுப் போறேன்" என்று கத்தினேன். அவன் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினான்.

சனிக்கிழமை மத்தியானமே ஊர் அடங்கிவிட்டது. கடைகள் பாதி சாத்திக் கிடந்தன. வெயில் தாழ ஆரம்பித்ததும் ஜனங்கள் நாலா பக்கமிருந்தும் மைதானத்துக்குள் வந்துகொண்டே இருந்தார்கள். மாடியில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் வந்திருந்தார். கோல் கம்பத்துக்குப் பின்னால், தலைப்பாகையோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகன் ஆடுவதை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறார்.

ஆட்டம் ஆரம்பித்ததுமே கூட்டத்துக்கு ஒரு பாட்டுக் கிடைத்துவிட்டது. அண்ணன் தோல்ஷாப்புக்குச் சாதகமாக எதற்கு ஊதினாலும், அது ஒரு த்ரோவாக இருந்தாலும், குடைக்காரர் பக்கமிருந்து "மச்சான்! மச்சான்!" என்று ஒரே குரலாகக் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் கைதட்டிக்கொண்டு தாளத்தோடு பாட ஆரம்பித்தார்கள். மாடியில் நின்ற பெண்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சத்தமும் தூசியும் மஞ்சள் வெயிலும் சேர்ந்து எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் ரொம்பத் தூரத்தில், தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிகிற நேரம் வந்துவிட்டது.

அப்போது சுருட்டுக் கம்பெனி ஃபார்வர்டு ஒருவன் பந்தோடு கோலை நோக்கி ஓடிவந்தான். மாப்பிள்ளை முன்னால் பாய்ந்து அவன் காலடியில் விழுந்தார். தூசி ஆளை மறைத்தது. ஃபார்வர்டு உருண்டான். அண்ணன் விசில் கேட்டது. கை பெனால்டி இடத்தைக் காட்டியது.

"மச்சான்" பாட்டு வெட்டினாற்போல் நின்றது. குடைக்காரர் அன்றைக்குத்தான் குடையை விரித்தார், விரித்துக்கொண்டு குதித்தார். இப்போது தோல்ஷாப் பக்கம் கொந்தளித்தது. "நல்ல பேரு வாங்குறதுக்குச் சொந்த மச்சானையே அறுக்குறான்டா!" என்று ஒருவன் கத்தியது மாடி வரை கேட்டது.

மாப்பிள்ளை எழுந்தார். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக் கோல் கோட்டில் போய் நின்றார். ஃபார்வர்டு உதைத்தான். இடப்பக்கம் பாய்ந்து, அவர் பந்தைப் பிடித்துவிட்டார்! நான் மாடி என்பதையும் மறந்து "ஐயோ என் சாமி!" என்று அலறிவிட்டேன். தோல்ஷாப்புக்காரர்கள் ஆளை ஆள் தூக்கிச் சுற்றினார்கள். அவருடைய அப்பா கட்டிய கையை அவிழ்த்து இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

விசில் மறுபடியும் கேட்டது. உதைக்கும் முன்னே கீப்பர் கால் அசைந்துவிட்டதாம். திரும்ப உதைக்க வேண்டுமாம்.

இரண்டாவது தரம் பந்து உள்ளே போய்விட்டது. மேலே தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தப் பெரியவர் நின்றதுதான் எனக்குத் தெரிந்தது. கீழே இறங்கிப் போய் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். போயிற்று, எல்லாம் போயிற்று என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. காலையில் முதல் பூசையில் மூன்றாம் ஓலை. அவர்கள் வேண்டாம் என்று நினைத்தால் அதற்குள் சாமியாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

விளக்கு வைக்கிற நேரம். கோவிலில் சாயங்காலத் திரிகால ஜெப மணி அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வாசலில் சைக்கிள் நிறுத்துகிற சத்தம். அப்பாவும் மகனும். மகன் முழங்கையில் சிராய்ப்பு, சட்டையெல்லாம் மண். அம்மா ஓடிப்போய்ப் பாயை விரித்தாள். பெரியவர் உட்காரவில்லை.

"தம்பி, எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. நேரா கேட்டுப்புடுறேன். மொதல்ல கொண்டாந்த காய வேண்டாம்னீக, சரின்னு போனேன். இன்னைக்கு ஒரு தரம் ஊதுனீக. எம் மகன் புடிச்சுட்டான். புடிச்சதுக்கப்புறமும் ஊதுனீக. அவன் மேல ஏதாச்சும் வருத்தமிருந்தா இப்பவே சொல்லிருங்க. விடியிறதுக்குள்ள ஓலைய நிறுத்திப்புடுவோம். யாருக்கும் நட்டமில்ல."

அண்ணன் எழுந்து நின்றான். அவன் வாய் திறக்கும் முன்னே மகன்தான் பேசினார். தலையைக் குனிந்தபடியே சொன்னார்.

"ரெண்டாவது ஊதுனது சரிதாம்ப்பா. எங்காலு அசஞ்சிருச்சு."

பெரியவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப மொதல்ல ஊதுனது?"

மகன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஈரத்தலையைத் துடைத்தான், துண்டைத் தோளில் போட்டான், மறுபடியும் எடுத்துத் துடைத்தான்.

"பந்து மொதல்ல பட்டுச்சா, காலு மொதல்ல பட்டுச்சான்னு எனக்குத் தெரியல மாமா. சத்தியமாத் தெரியல. மச்சான் மச்சான்னு காதுக்குள்ள அதே சத்தம். ஊதிட்டேன். வேற எந்தக் கீப்பரா இருந்தாலும் ஊதியிருப்பேனான்னு அப்பருந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

அவன் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. ஊர் அத்தனை வருஷம் அவன் மேல் சந்தேகப்பட்டது, அவன் ஒரு நாளும் தன் மேல் சந்தேகப்பட்டதில்லை. அதைப் பார்த்து எனக்கு இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். கலியாணம் ஆகும் முன்னே பெண் மாப்பிள்ளை எதிரில் வரக் கூடாது, வாய் திறக்கவே கூடாது. நான் அடுப்படியிலிருந்து விறுவிறுவென்று வந்து நடு வீட்டில் நின்றேன்.

"எனக்குத் தெரியும்! நான் மாடியில நின்னு பாத்தேன். பந்துதான் மொதல்ல. அவுக பந்தத்தான் புடிச்சாக. அவன் தானா உருண்டான், களவாணிப் பய. நீ ஊதுனது தப்பு!"

"ஏட்டி!" என்று அம்மா வாயில் கை வைத்தாள். பெரியவர் கண்ணைச் சிமிட்டாமல் என்னைப் பார்த்தார். மகன் மட்டும் நிமிரவே இல்லை.

அண்ணன் பக்கத்தில் வந்தான். லைன்ஸ்மேனிடம் கேட்கிற மாதிரி, மெதுவாக, ரொம்ப ஒழுங்காகக் கேட்டான்.

"அம்புட்டுத் தூசியில நீ பந்தப் பாத்தியா, ஆளப் பாத்தியா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. காது இரண்டும் சுட்டது. வீட்டில் இருந்த எல்லோருக்கும் பதில் கிடைத்துவிட்டது. பெரியவர்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "காலையில மொதப் பூசை எத்தன மணிக்கு?" என்று அம்மாவைக் கேட்டார்.

அண்ணனும் சிரித்தான். சிரித்தபடியே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு ஓலைக்கே அந்தப் பக்கம் போயிட்டியேடி" என்றான்.

அவன் கேலியாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அது கேலியாகக் கேட்கவில்லை. இந்த வீட்டை விட்டுப் போகப்போகிறேன் என்பது அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவே இல்லை. அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, புது மாப்பிள்ளை பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல், ஓவென்று அழுதேன்.